எரிபஸ் மலையும் மாதம் பத்து வெள்ளியும்

மலாக்காவின் ஆசகான் பக்கம் பிறந்த எனக்கு மலை என்றால் குனோங் லேடாங்தான். 1,276 மீட்டர். அதைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு உயரமாக, மேலெல்லாம் பனி, உச்சியில் மட்டும் கொதிக்கும் எரிமலைக் குழம்பு என்று தென்துருவப் பக்கம் ஒரு மலை நிற்கிறது. பெயர் எரிபஸ். 1999இல் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் போய் இறங்கிய நியூசிலாந்தின் ஸ்காட் தளம், அந்த மலை இருக்கும் ராஸ் தீவில்தான் உள்ளது.

தமிழ்ப்பள்ளியில் இதைச் சொன்னால், "ஐஸ் மலை நமக்கு எதுக்கு சார்?" என்று பெற்றோரே கேட்பார்கள்.

நமக்குத்தான் வேண்டும். அண்டார்டிகாவுக்கு ஏழு நாடுகள் உரிமை கொண்டாடுகின்றன. 1959 ஒப்பந்தம் அந்த வழக்கைத் தீர்க்கவில்லை, ஆறப்போட்டது. 1982இல் பிரதமர் மகாதீர் ஐ.நா. பொதுச்சபையில், ஆளில்லாத அந்த நிலம் உலகத்துக்கே பொது என்று வாதாடினார். அவருடைய வேறு பேச்சுகள் பலவற்றில் எனக்கு உடன்பாடில்லை, இதில் உண்டு. ஏனென்றால் உரிமை யாருக்கு என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல: காட்டை அழித்துப் பால்மரம் நட்டது நம் சனம், நிலக் கிராண்டில் இருந்தது வேறு பெயர். ஐம்பதுகளில் தோட்டங்களைத் துண்டாடி விற்றபோது வேலையும் போனது, லயமும் போனது.

அப்போது அமைச்சராக இருந்த சம்பந்தன் பேச்சோடு நிற்கவில்லை. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்குதாரரானார்கள், தோட்டங்களையே வாங்கினார்கள். மலேசியா அண்டார்டிகா விஷயத்தில் செய்யாதது, இப்படிப் பணம் போட்டுப் பங்காளியாவதைத்தான். எந்த ஒப்பந்தத்தைக் குறை சொன்னோமோ அதிலேயே 2011இல் சேர்ந்தோம். கூட்டத்தில் நாற்காலி உண்டு, ஓட்டு இல்லை. ஓட்டு வேண்டுமானால் அங்கே கணிசமான ஆய்வு நடத்திக் காட்ட வேண்டும். அதற்குப் பணமும் ஆளும் வேண்டும்.

அண்டார்டிகா பற்றிய முடிவுகளில் ஓட்டில்லாமல் இருப்பது கடலோர மலாக்காவுக்கு நல்லதல்ல. அண்டார்டிகப் பனி கரைந்தால் அதன் ஈர்ப்பு குறைந்து, பக்கத்துக் கடல் தணியும்; தொலைவிலுள்ள நம் கடல் சராசரியைவிடக் கூடுதலாக ஏறும். நாமோ கடலை மண் கொட்டித் தூர்த்துக் கட்டடம் எழுப்புகிறோம்.

சுல்தான் மிசான் அண்டார்டிக் ஆய்வு அறவாரியம் ஆய்வு மானியம் தருகிறது. அதற்கு விண்ணப்பிக்கும் அளவுக்கு ஜாசின், அலோர் காஜா பிள்ளைகளை அறிவியலில் வளர்க்கும் வேலையை நம் சங்கங்கள் எடுத்துக்கொள்ளட்டும். ஆய்வு நிதியை எப்போது கூட்டுவீர்கள் என்று நம் பிரதிநிதிகள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் கேட்கட்டும்.