கிளை ரயிலும் ஊராரின் பொறுப்பும்

மாயவரத்திலிருந்து திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரையில் 1894-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 54 மைல் ரயில்பாதை, லண்டனில் பங்கு விற்று மூலதனம் திரட்டிய கம்பெனி எதுவும் லாபத்தை உத்தேசித்துப் போட்டதன்று. நிலவரியோடு சேர்த்து ஊராரிடம் வசூலித்த வரிப்பணத்தை ஆதாரமாகக் கொண்டு, தஞ்சாவூர் ஜில்லா போர்டு முன்னின்று உருவாக்கியது அது. வண்டி ஓட்டும் வேலை மட்டுமே தென்னிந்திய ரயில்வேயிடம் இருந்தது. பின்னர் பட்டுக்கோட்டை, பேராவூரணி வழியாக அப்பாதை அறந்தாங்கிக்கும் நீண்டது.

இவ்வாறு தம் நிலத்தின் வருமானத்திலிருந்து தண்டவாளத்துக்குக் கொடுத்தவர்களின் சந்ததியார், இன்று தங்கள் ஊர் ரயிலைப் பற்றி மனு எழுதுவதோடு நின்றுவிட நேர்ந்திருப்பது வருந்தத்தக்கது. அப்பழைய பாதையின் திருவாரூர் – அறந்தாங்கிப் பகுதியை உள்ளடக்கியதும், அகலப் பாதைப் பணிக்காகப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்ததுமான திருவாரூர் – காரைக்குடிப் பாதையில் 2019-இல் மறுபடி வண்டி ஓடத் தொடங்கியபோது, கேட் கீப்பர்கள் நியமிக்கப்படாமையால், வண்டியிலேயே ஏறி வந்த ஊழியர்கள் ஒவ்வொரு லெவல் கிராசிங்கிலும் இறங்கிக் கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, ஓடி வந்து ஏறிக்கொள்ள வேண்டியிருந்தது. ஏறக்குறைய 150 கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க ஒரு பகற்பொழுதே கழியுமானால் யார் ஏறுவார்கள்? ஏறாததைக் காரணமாகக் காட்டி, பிரயாணிகளுக்கு ரயிலே தேவையில்லை என்று சொல்வதும் பிறகு எளிதாகிவிடுகிறது. அந்நிலை நீடிக்காமல், காலப்போக்கில் கேட்டுகளுக்கு ஆள் வந்து வேகமும் கூடியதில், சலிக்காமல் குரல் கொடுத்த பட்டுக்கோட்டை வட்டாரத்து ரயில் உபயோகிப்பாளர்களுக்கு உரிய பங்கு உண்டு.

இங்கிலாந்தில் செட்டில் – கார்லைல் பாதையை மூட முற்பட்டபோது ஊர் மக்கள் ஆட்சேபித்துப் போராடி, 1989-இல் அதைக் காப்பாற்றிக் கொண்டார்கள். காப்பாற்றியதோடு நில்லாமல், ஸ்டேஷன்களைப் பராமரிப்பதிலும் பிரயாணிகளுக்கு வழிகாட்டுவதிலும் தொண்டர்களாக அவர்கள் இன்றும் ஈடுபட்டிருப்பதே நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது.

கேட்டைக் காப்பதும் சிக்னலைப் பார்ப்பதும் உயிர் சம்பந்தப்பட்ட உத்தியோகங்கள். அவற்றைத் தொண்டர் தலையில் சுமத்துவது தவறு, அச்செலவு ரயில்வேயினுடையது. ஆனால் பள்ளி விடும் நேரம், சந்தை கூடும் நாள், திருவிழாக் கூட்டம் முதலியவற்றை உள்ளூரார் அறிவதுபோல் கோட்ட அலுவலகத்தார் அறிய இயலாது. ஆகவே கால அட்டவணை வகுக்குமுன் ஊராட்சிகளையும் வர்த்தகர் சங்கங்களையும் அழைத்துக் கேட்பதை நிர்வாகம் நியதியாக்க வேண்டும். ரயில் வரும் வேளைக்கு ஸ்டேஷன் வாசலில் டவுன் பஸ் நிற்கும்படி ஏற்பாடு செய்வதில் நகராட்சிகள் முனையலாம். பிரயாணிகளுக்கும் பொறுப்பு உண்டு: கமிஷனுக்கு டிக்கெட் விற்கும் ஏஜெண்டை நம்பியுள்ள சின்னஞ்சிறு ஹால்ட் ஸ்டேஷன்களில், விற்பனை குறைந்தால் அந்த ஏஜெண்டும் நிலைக்கமாட்டார்.

டிக்கெட் இல்லாமல் ஏறுகிறவர் சில ரூபாயை மிச்சப்படுத்துவதோடு, அவ்வண்டியில் தாம் பிரயாணம் செய்ததற்கான சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார். வண்டியை நிறுத்தலாமா, நீட்டிக்கலாமா என்று ஆலோசிக்கும் அதிகாரியின் முன் இருப்பது டிக்கெட் கணக்கு ஒன்றே. ஆதலால், அடுத்த ஸ்டேஷன் வரையிலான பிரயாணமாயினும், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுங்கள் என்று கிளைப்பாதை ஊர்களின் மக்களை வேண்டிக்கொள்கிறேன்.