செஞ்சி வழியே நடப்போர்

திருவண்ணாமலைக்கும் மேல்மலையனூருக்கும் நடந்து போகிறவர்களின் வழிகள் விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சியில் வந்து கூடுகின்றன. புதுச்சேரியிலிருந்தும் சென்னைப் பக்கமிருந்தும் புறப்படுவோர் திண்டிவனம் வந்து, தீவனூர் வழியாகச் செஞ்சியை அடைவர். பிறகு ஆலம்பூண்டி, கீழ்பென்னாத்தூர், சோமாசிபாடி தாண்டினால் அண்ணாமலை. திண்டிவனம் முதல் செஞ்சி வரை 28 கி.மீ.; அங்கிருந்து திருவண்ணாமலைக்கு ஏறத்தாழ 38. சித்ரா பௌர்ணமியும் கார்த்திகை தீபமும் நெருங்கினால் இந்தச் சாலையில் காவி வேட்டிகளும் மஞ்சள் சேலைகளும் வரிசைகட்டும். மலையனூர்க் கூட்டத்துக்கு அமாவாசைதான் கணக்கு. அவர்கள் செஞ்சியில் வடக்கே திரும்பி, சேத்துப்பட்டுச் சாலையில் வளத்தி வரை போய்ப் பிரிவார்கள். செஞ்சியிலிருந்து மலையனூருக்கு 20 கி.மீ. அளவுள்ள நடை.

செஞ்சி என்றால் வெளியூர்க்காரருக்குக் கோட்டைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று குன்றுகளை வளைத்த அந்த மதிலைப் பிடிக்க முகலாயப் படை 1690 முதல் 1698 வரை காத்துக் கிடந்தது. 2025இல் அது மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு சேர்ந்து யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் ஏறியது. நடைக்காரர்களில் பலர் அதன் பக்கம் தலைதிருப்புவதோடு சரி. அவர்கள் தேடுவது நிழலும் குழாயும்தான்.

நடையின் நேரத்தை வெயில் வகுக்கிறது. விடியலுக்கு முன் மூன்று மணிவாக்கில் கிளம்பி, தார் சூடேறுமுன் ஒரு சத்திரத்திலோ பள்ளித் திண்ணையிலோ ஒதுங்கி, மாலையில் மீண்டும் நடப்பது வழக்கம். மூட்டைகளும் பாத்திரமும் சாமி படமும் ஒலிபெருக்கியும் 'குட்டியானை' வண்டியில் முன்னே போகும். நேரம் தப்பிப் பகலில் மாட்டிக்கொண்ட வெறுங்கால்காரர்கள் சாலையோர வெள்ளைக் கோட்டின் மேலேயே ஒற்றை வரிசையாக நடப்பார்கள். கருந்தாரைவிட வெள்ளைப் பெயிண்ட் குறைவாகச் சுடும். மாசியில் அந்தக் கோட்டையும் உழவர்கள் பிடித்துக்கொள்வதுண்டு. அறுத்த நெல்லையும் மல்லாட்டை என்னும் நிலக்கடலையையும் காயவைக்கச் சாலையோரத்தை விட்டால் அவர்களுக்கும் வேறு களமில்லை.

கொப்புளத்தில் ஊசிநூல் கோத்து, நூலை உள்ளே விட்டு நீர் வடியவைப்பது நடைக்காரர்களின் கைவைத்தியம். சீழ் பிடிக்க அதுவே வாசல். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதே வினை. வேண்டுதல் நடப்பதற்குத்தான், புண்ணுக்கு அல்ல.

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் ஒவ்வொரு அமாவாசை இரவும் ஊஞ்சல் உற்சவம் நடக்கிறது. பிரமனின் ஐந்தாம் தலையைக் கிள்ளிய சிவனின் கையில் கபாலம் ஒட்டிக்கொண்டு, இட்ட சோற்றையெல்லாம் தானே தின்றது. அம்மன் சோற்றை மயானத்தில் இறைக்க, அதைத் தின்ன இறங்கிய கபாலம் அவள் காலடியில் சிக்கியது என்பது தலபுராணம். மகாசிவராத்திரியை அடுத்து வரும் மயானக் கொள்ளை அந்தக் கதையின் நிகழ்த்துதல்தான். சுற்றுவட்டார உழவர்கள் தங்கள் நிலத்தில் விளைந்த தானியத்தையும் காய்கறியையும் அன்று சூறைவிடுகிறார்கள். அதற்காகத் தலைச்சுமையாக விளைச்சலைக் கொண்டுவருவோரின் நடைதான், காவி கட்டிய குழுக்களின் நடையைவிடப் பழைய வகை என்று கொள்ளத் தோன்றுகிறது. விழாவின் தேரும் ஆண்டுதோறும் புதிதாகவே செய்யப்படுகிறது.

இரண்டு கோயில்களையும் இணைப்பது சாலை மட்டுமன்று. மலையனூரில் பூசையும் அறங்காவலும் பரம்பரையாகப் பருவதராஜ குலத்தாரிடம் உள்ளன. 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் கார்த்திகைத் தீபம் ஏற்றும் உரிமையும் அதே மீனவக் குலத்தாருக்குத்தான். கடலிலிருந்து இவ்வளவு தொலைவில், ஏரிகளை நம்பிய உள்நாட்டு மீனவர்கள் இரு பெரிய தலங்களில் முதலுரிமை பெற்றிருப்பதை எழுதியவர்கள் குறைவு.

இந்த வட்டாரத்தில் நடைக்கு இன்னொரு மரபும் உண்டு. செஞ்சிக்கு வடக்கே சிங்கவரத்தை ஒட்டிய திருநாதர் குன்றில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் ஒரே பாறையில் செதுக்கப்பட்டுள்ளன. சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே இருக்கிறது. தமிழ்ச் சமணரின் தலைமை மடம் உள்ள மேல்சித்தாமூர் செஞ்சிக்குக் கிழக்கே. சமணத் துறவியருக்கு வாகனம் விலக்கு. மழைக்கால நான்கு மாதம் தவிர ஊர் ஊராக நடந்துகொண்டே இருப்பது நெறி. மற்றவர்களுக்கு நான்கைந்து நாள் விரதமாக இருப்பது அவர்களுக்கு வாழ்நாள் முழுமைக்குமானது.

பழைய வழிகளில் சாவடியும் சுமைதாங்கியும் குளமும் நடக்கிறவனை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. தேசிய நெடுஞ்சாலை வண்டியை மட்டுமே நினைத்துப் போடப்பட்டது. அகலப்படுத்தியபோது ஓரத்துப் புளியமரங்கள் போயின. அன்னதானப் பந்தல்கள் இன்றும் குறைவில்லை; சாம்பார் சாதமும் நீர்மோரும் கேட்காமலே கிடைக்கும். கிடைக்காதது நடக்க ஓர் ஓரம்.

பந்தல் போடும் அன்பர்கள் ஒரு வேளைச் சோற்றுச் செலவில் ஒளிரும் பட்டைகள் வாங்கி நடைக்காரர் முதுகில் ஒட்டிவிடலாம். நடைபாதை இல்லாத சாலையில் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடக்கவேண்டும் என்பதைக் குழுத்தலைவர்கள் புறப்படும்போதே சொல்லிவைக்கட்டும். நெடுஞ்சாலைத் துறை செய்யவேண்டியது, திண்டிவனம் முதல் திருவண்ணாமலை வரை தாருக்கு வெளியே ஒரு மண்பாதையும் அதன் ஓரத்தில் மரக்கன்றுகளும்.