சொட்டுற இடம் வேற, ஒழுகுற இடம் வேற

நம்ம காலேஜ் பார்க்கிங்ல பழைய வண்டிங்க நிக்கிற வரிசைப் பக்கம் போனாலே பெட்ரோல் வாசனை அடிக்கும். அண்ணன் ஓட்டினது, மாமா கொடுத்தது, செகண்ட் ஹேண்ட்ல வாங்கினதுன்னு முக்கால்வாசி கார்புரேட்டர் வண்டி. 2020 ஏப்ரல்ல பிஎஸ்-6 வந்த பிறகுதான் நம்ம ஊர் பைக்குகள் பெரும்பாலும் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறுச்சு. அதுக்கு முந்தின வண்டி வச்சிருந்தா, ஒருநாள் இல்லன்னா ஒருநாள் பெட்ரோல் ஒழுகத்தான் செய்யும்.

ஒழுகினா நம்மாளுங்க செய்யறது ரெண்டு. டேங்க்ல சோப்பைத் தேச்சு அடைப்பாங்க. இல்லன்னா மெக்கானிக்கிட்ட போய், "அண்ணே, கார்புரேட்டரையே மாத்திடுங்க"ம்பாங்க. முதலாவது வீடு போய்ச் சேர உதவும், அவ்வளவுதான். ரெண்டாவது, காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமலே ஆபரேஷன் பண்ற மாதிரி. எங்க ஒழுகுதுன்னு கண்டுபிடிக்காம ஸ்பேனரைத் தொடக்கூடாதுங்கிறது என் கட்சி.

பெட்ரோல் ஆவி மைனஸ் 40 டிகிரியிலகூட தீப்பிடிக்கும். நம்ம ஊர் வெயிலைப் பத்திச் சொல்லணுமா? அது காத்தைவிட கனம், அதனால தரையோட படிஞ்சு நிக்கும். ஹாஸ்டல் படிக்கட்டுக்குக் கீழ வண்டியை நிறுத்தி, பக்கத்துல நின்னு தம் அடிக்கிற புண்ணியவான்கள் இதைக் கொஞ்சம் யோசிங்க. எஞ்சின் ஆறட்டும், வண்டியை வெளியில தள்ளிட்டுப் போய்ப் பாருங்க.

முதல்ல எல்லாத்தையும் துணியால சுத்தமா துடைங்க. ஈரம் கீழ வழிஞ்சு வேற எங்கயோதான் சொட்டும், அந்தச் சொட்டை நம்பினா ஏமாந்துடுவீங்க. துடைச்ச இடத்துல சாக்பீஸ் தூளைத் தடவுங்க, முதல்ல நனையற இடம் தெரிஞ்சிடும். கீழ ஒரு அட்டையைப் போட்டு, பெட்ரோல் காக்கை மூடிட்டு அரைமணி நேரம் விடுங்க. மூடியும் ஒழுகினா டேங்க், இல்ல காக் டேங்க்ல சேர்ற இடத்து வாஷர். திறந்தா மட்டும் ஒழுகினா டியூப், இல்ல கார்புரேட்டர். இந்த ஒரே டெஸ்ட்ல பாதிக் கேள்வி முடிஞ்சுடுச்சு!

டியூபை வளைச்சுப் பாருங்க, வெடிப்பு தெரியும். இப்ப பங்க்ல வர்ற பெட்ரோல்ல 20% வரை எத்தனால் இருக்கு. பழைய ரப்பரை அதை நினைச்சுச் செய்யல. மாத்தும்போது பெட்ரோலுக்குன்னே விக்கிற டியூபை வாங்குங்க, மீன்தொட்டி டியூப் வேணாம்.

கார்புரேட்டர்ல ரெண்டு வகை. கிண்ணம் சேர்ற இடத்துல கசிஞ்சா ஓ-ரிங் போயிருக்கும். ஓவர்ஃப்ளோ டியூப் வழியா வந்தா, ஃப்ளோட் நீடில் மூடலைன்னு அர்த்தம். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால கிண்ணத்தை லேசாத் தட்டுங்க. நின்னுட்டா தூசு சிக்கியிருக்கும், கழட்டிச் சுத்தம் பண்ணினா போதும். நிக்கலைன்னா நீடில் நுனி தேஞ்சிருக்கலாம், இல்லன்னா ஃப்ளோட்டுக்குள்ள பெட்ரோல் புகுந்து முங்கியிருக்கலாம். ஃப்ளோட்டைக் கழட்டி ஆட்டிப் பாருங்க, சத்தம் வந்தா ஓட்டை. லேப்ல வெட்டி வச்சிருக்கிற கார்புரேட்டர் மாடலைப் பாத்து ரெக்கார்டுல படம் வரைஞ்சோமே, அந்த ஃப்ளோட் சேம்பர்தான் இது. வைவாவுல "கான்ஸ்டன்ட் லெவல் சார்"னு ஒப்பிச்சது இங்கதான் புரியும்.

பலரும் விடுற ஒண்ணு: நீடில் மூடாம இருந்தா பெட்ரோல் எஞ்சினுக்குள்ளயும் போகும். ஃபோர் ஸ்ட்ரோக் வண்டியா இருந்தா டிப்ஸ்டிக்கை எடுத்து மோந்து பாருங்க. பெட்ரோல் வாசனையோ, ஆயில் லெவல் ஏறினதோ தெரிஞ்சா ஆயிலை மாத்தாம ஸ்டார்ட் பண்ணாதீங்க. நீர்த்துப்போன ஆயில்ல ஓட்டினா, சின்ன நீடில் செலவு எஞ்சின் வேலையா மாறிடும்.

டேங்க்ல துருப்பிடிச்ச ஓட்டைன்னா மட்டும் நாம ஒதுங்கிக்கலாம். பெட்ரோலைக் காலி பண்ணிட்டோமேன்னு பக்கத்து வெல்டிங் பட்டறைக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. உள்ள ஆவி நிக்கிற காலி டேங்க் நிறைஞ்ச டேங்கைவிட மோசம். டேங்க் வேலையே தொழிலா வச்சிருக்கிற ஆள்கிட்டக் கொடுங்க. மத்தபடி மெக்கானிக்கிட்டப் போனாலும், "அண்ணே, காக்கை மூடினா நிக்குது, திறந்தா ஓவர்ஃப்ளோல வருது"ன்னு சொல்லுங்க. அப்புறம் கார்புரேட்டரையே மாத்தணும்னு அவர் சொன்னா, ஏன்னு கேக்க உங்களுக்கு வாய் இருக்கும்.