பூட்டிய பெட்டியும் கோமாளிகளும்

1976ஆம் ஆண்டில் வெளிவந்த 'கோமாளிகள்' என்னும் ஈழத்துத் திரைப்படத்தின் பெயரைச் சொன்னாலே முகஞ்சுளிக்கும் கனவான்கள் நம்மிடையே உளர். வெறும் பாட்டும் பகிடியுந்தானே என்பர். இப்பகிடியின் பெறுமதியை அவர்கள் அறியாமற்போனமை வியப்பன்று. நம் நாட்டுக் குரலைக் கேட்கக் கூசும் செவி அவர்களுடையது.

எஸ். ராம்தாஸ் எழுதிய 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற வானொலி நாடகமே படமாயிற்று. எஸ். இராமநாதன் நெறிப்படுத்தினார், கண்ணன்-நேசம் இரட்டையர் இசையமைத்தனர். ராம்தாஸ் மரைக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களவரான உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீட் ஐயராகவும் நடித்தனர். இசுலாமியர் ஒருவர் ஐயராகிறார். தமிழர் ஒருவர் உபாலியாகிறார்! ஒரே தீவின் வெவ்வேறு பேச்சுகள் ஒன்றையொன்று கேலிசெய்தும் பகைகொள்ளாது ஒரு திரையில் உலாவின. ஏழாண்டுகள் கழித்து, 1983 ஆடியில், ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானபோது எத்தனையோ படங்களின் மூலச்சுருள்கள் சாம்பராயின.

எஞ்சியவை எங்கே? பாட்டுப் புத்தகம், சுவரொட்டி, இசைத்தட்டு, வானொலியிலிருந்து பதிந்த ஒலிநாடா என்று சேகரிப்பாளர் வீடுகளில் உறங்குகின்றன. அன்பர்கள் அவற்றைக் காத்தனர், இடப்பெயர்வுகளிலும் சுமந்தனர். அதற்கு நாம் தலைவணங்குவோம். ஆயின், நூலகமே எரிந்த ஊரில் பொருளைக் கைவிட அஞ்சுவது வேறு. தம்மிடம் மட்டுமே உண்டென்று செருக்குறுவது வேறு. இவர்களுட் சிலர் அட்டையைக் காட்டுவர், ஒலியைக் கேட்கவிடார். பிறரிடம் படி இருந்தால் தமது பொருளின் விலை குறையுமாம்! நாணயம் சேர்ப்போர் கணக்கு இது. கலை காப்போர் கணக்கன்று.

பூட்டு எதனையும் காக்கவுமில்லை. நம் வெக்கையிலும் ஈரத்திலும் அசெற்றேற்றுப் படச்சுருள் வினாகிரி மணம் வீசிச் சுருங்கும். ஒலிநாடாவிற் பூஞ்சணம் படரும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' இணைய நூலகத்துக்குத் தம் பழைய ஏடுகளை வழங்கியோர் எதனை இழந்தனர்? ஒரு பக்கமேனும் குறைந்ததா?

நாடகமும் அரங்கியலும் பயிலும் நம் மாணவர் சென்னைப் படங்களின் பகிடிகளை ஒப்புவிக்கின்றனர், மரைக்காரை அறியார். பிள்ளைகள்மீது குற்றமில்லை, கேட்பதற்கு யார் கொடுத்தார்? பெட்டியுடையோர் ஒருநாள் அதனைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு எடுத்துவரட்டும். படியெடுத்த பின் மூலநாடாவை அவர்களே கொண்டுபோகலாம். பூட்டையும் சாவியையும் நாம் கேட்கவில்லை.