அடுத்த சாய் சுதர்சன் யார்? திறமையை மட்டும் பார்க்காதீங்க, காலி நாற்காலியைப் பாருங்க!

2022 நவம்பர் 21. பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் விஜய் ஹசாரே கோப்பைப் போட்டி. அருணாச்சலப் பிரதேசத்துக்கு எதிராகத் தமிழ்நாடு அடித்தது 506 ரன். ஒருபுறம் நாராயண் ஜெகதீசன் 277, மறுபுறம் சாய் சுதர்சன் 154. முதல் விக்கெட்டுக்கு மட்டும் 416 ரன். லிஸ்ட் ஏ கிரிக்கெட்டில் அதுவரை யாரும் பார்க்காத ஸ்கோர் கார்டு அது.

அன்றைக்கு இரவு யாரிடமாவது "அடுத்த ஐபிஎல்லில் பட்டையைக் கிளப்பப் போறது யார்?" என்று கேட்டிருந்தால், பத்தில் ஒன்பது பேர் ஜெகதீசன் என்றுதான் சொல்லியிருப்பார்கள். தொடர்ச்சியாக ஐந்து சதம் அடித்தவர், வேறென்ன வேணும்?

நடந்தது வேற. 2023 ஐபிஎல்லில் கொல்கத்தா அணிக்காக ஆடிய ஜெகதீசன் மொத்தமாக 100 ரன்னைக்கூட எட்டவில்லை. சாய் சுதர்சனோ அந்த சீசனில் 8 போட்டிகளில் 362 ரன் எடுத்து, இறுதிப் போட்டியில் சென்னைக்கு எதிராக 47 பந்துகளில் 96 ரன் விளாசினார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2025-ல், 759 ரன்களுடன் ஆரஞ்சு தொப்பியும் அவருக்கே.

ஒரே மாநிலம், ஒரே மேட்ச், ஒரே பார்ட்னர்ஷிப். ஆனால் வெடித்தது ஒருவர்தான். ஏன்? ஃபேன்டஸி ஆடுகிறவர்கள் வருஷா வருஷம் முட்டி மோதும் கேள்வி இதுதான்.

'பிரேக்-அவுட்'னா என்ன?

ஃபேன்டஸி விளையாட்டில் ஒவ்வொரு வீரருக்கும் ஒரு விலை உண்டு. உங்கள் கையில் இருக்கும் பட்ஜெட்டோ குறைவு. எல்லா ஸ்டார்களையும் வாங்க முடியாது. எனவே மலிவு விலையில் கிடைக்கும், ஆனால் இந்த சீசனில் திடீரென மேலே வரப்போகும் இளம் வீரர் ஒருவரைக் கண்டுபிடித்தால் மீதிப் பணத்தில் இரண்டு ஸ்டார்களை வாங்கலாம். அந்த இளம் வீரர்தான் 'பிரேக்-அவுட்' வீரர்.

எல்லோருக்கும் தெரிந்த பிறகு அவரை வாங்குவதில் பயனில்லை, விலை ஏறியிருக்கும். யாருக்கும் தெரியாத அந்தச் சில வாரங்களில் வாங்குவதில்தான் லாபம்.

இந்தக் கணக்கை மிகத் தீவிரமாகப் போடுகிறவர்கள் ஆஸ்திரேலியர்கள். அங்கே ஏஎஃப்எல் எனப்படும் ஆஸ்திரேலிய ரூல்ஸ் கால்பந்துக்கான ஃபேன்டஸியில் ஒரு கிக்குக்கு 3 புள்ளி, கையால் தட்டிக் கொடுக்கும் ஹேண்ட்பாலுக்கு 2, டேக்கிளுக்கு 4. பந்து யார் கையில் அதிகம் புழங்குகிறதோ அவர்களுக்கே புள்ளி குவியும். அதனால் அங்கே ரசிகர்கள் "இந்தப் பையன் திறமைசாலியா?" என்பதோடு நிறுத்துவதில்லை. "இந்த வருஷம் இவனை நடுக்களத்துக்கு மாற்றப் போறாங்களா?" என்றும் கேட்பார்கள். அதே பையன், அதே திறமை. நிற்கும் இடம் மாறினால் புள்ளி எகிறும்.

அந்தக் கேள்வியை நம்மூர் கிரிக்கெட்டுக்குக் கொண்டு வந்தால், பல புதிர்கள் அவிழும்.

கதவைத் திறந்தது யார்?

சாய் சுதர்சன் 2023-ல் உள்ளே வந்தது எப்படி? சீசனின் முதல் போட்டியிலேயே, எல்லைக்கோட்டருகே சிக்ஸரைத் தடுக்கத் தாவிய கேன் வில்லியம்சனுக்கு முழங்காலில் காயம். அவருக்குப் பதிலாக 'இம்பாக்ட்' வீரராகக் களமிறங்கியவர் சாய். அடுத்த போட்டியில் டெல்லிக்கு எதிராக ஆட்டமிழக்காமல் 62.

வாஷிங்டன் சுந்தர்? 2017-ல் புனே அணியில் அஸ்வினுக்குக் காயம். அந்த இடத்துக்கு வந்த 17 வயது வாஷிங்டன், பிளே-ஆஃபில் மும்பைக்கு எதிராக 3 விக்கெட் எடுத்து ஆட்டநாயகன் ஆனார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் டெஸ்ட்டில் அறிமுகமானபோதும் இதே கதைதான். முன்னணி பவுலர்கள் வரிசையாகக் காயமடைந்ததால் அவருக்கு இடம் கிடைத்தது. முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட் எடுத்து, 62 ரன்னும் அடித்தார்.

சின்னப்பம்பட்டி நடராஜன் அதே ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சி பவுலராகப் போனவர். டி20 அணியில் அவர் இடம்பிடித்தது, காயமடைந்த வருண் சக்கரவர்த்திக்குப் பதிலாக. திரும்பி வரும்போது மூன்று வடிவங்களிலும் இந்தியாவுக்காக ஆடி முடித்திருந்தார்.

2025-ல் சிஎஸ்கே கேப்டன் ருதுராஜ் கெய்க்வாட் காயத்தால் விலகினார். ஏலத்தில் யாரும் எடுக்காத 17 வயது ஆயுஷ் மாத்ரே அந்த இடத்துக்கு வந்து 7 போட்டிகளில் 240 ரன் குவித்தார். ஆனால் ஏலத்திலேயே அதே அணி வாங்கிய தமிழ்நாட்டு இளைஞர் ஆண்ட்ரே சித்தார்த் அந்த சீசன் முழுக்க பெஞ்சில்தான் இருந்தார்.

பேட்டர்ன் புரிகிறதா? இவர்கள் எல்லோருக்கும் திறமை ஏற்கெனவே இருந்தது. ஆனால் அவர்கள் வெடித்த தேதியை முடிவு செய்தது இன்னொருவரின் முழங்கால், இன்னொருவரின் முழங்கை. திறமை என்பது நுழைவுத் தேர்வு மாதிரி. பாஸ் ஆனவர்கள் நிறைய பேர். சீட் காலியானால்தான் அட்மிஷன்.

அப்போ எல்லாமே அதிர்ஷ்டமா?

இல்லை. எப்போது காயம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காயம் வந்தால் அடுத்து யார் என்பதை ஓரளவுக்குச் சொல்லலாம். அதற்கு நான்கு கேள்விகள் போதும்.

1. அவருக்கு முன்னால் நிற்பவர் யார்? அந்த சீனியருக்கு வயசு என்ன, அடிக்கடி காயம் வருமா, வெளிநாட்டு வீரர் என்றால் சீசன் நடுவில் நாட்டுக்காக ஆடக் கிளம்பிவிடுவாரா? இளம் வீரரின் ஸ்கோரைப் பார்ப்பதற்கு முன், அவரைத் தடுத்து நிற்பவரின் உடல்நிலையைப் பாருங்கள்.

2. எந்த இடத்தில் ஆடப் போகிறார்? ஆறாவது இடத்தில் இறங்கி 8 பந்து ஆடுபவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் 600 ரன் எடுக்க முடியாது. சாய் சுதர்சன் 2023-ல் ஆடியது 8 போட்டிகள், பெரும்பாலும் மூன்றாவது இடம். 2025-ல் 15 போட்டிகளிலும் சுப்மன் கில்லுடன் தொடக்க வீரர். ரன் இரட்டிப்பானதில் ஆச்சரியம் என்ன?

3. யாருக்கு எதிராக எடுத்த ரன்? 277 என்பது அசாத்தியமான ஸ்கோர், சந்தேகமே இல்லை. ஆனால் அருணாச்சலப் பிரதேசத்தின் பந்துவீச்சும் ஐபிஎல் பந்துவீச்சும் ஒன்றல்ல. உள்ளூர்ப் புள்ளிவிவரத்தில் எதிரணியின் பெயரையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஜெகதீசனின் கதை அதோடு முடியவும் இல்லை. 2025 ஜூலையில், காயமடைந்த ரிஷப் பந்துக்குப் பதிலாக இந்திய டெஸ்ட் அணியில் சேர்க்கப்பட்டார். அங்கேயும் காலி நாற்காலிதான்!

4. உடம்பு தாங்குமா? 2018 டிஎன்பிஎல்லில் கலக்கிய வருண் சக்கரவர்த்தியை அந்த ஆண்டு இறுதியில் நடந்த ஏலத்தில் பஞ்சாப் அணி 8.4 கோடி ரூபாய்க்கு வாங்கியது. 2019 சீசனில் அவர் ஆடியது ஒரே ஒரு போட்டி, பிறகு காயம். கணித்தவர்கள் ஆளைத் தப்பாகச் சொல்லவில்லை, வருஷத்தைத் தப்பாகச் சொன்னார்கள். 2025-ல் சாம்பியன்ஸ் டிராபியை இந்தியா வென்றபோது 3 போட்டிகளில் 9 விக்கெட் எடுத்தவர் அதே வருண்தான்.

சென்னைவாசிகளுக்கு ஒரு அட்வான்டேஜ்

இந்த நான்கு கேள்விகளுக்கும் பதில் ஆப்பில் கிடைக்காது. மைதானத்தில் கிடைக்கும். அந்த விஷயத்தில் மயிலாப்பூரிலும் அடையாறிலும் குடியிருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

சென்னையின் முதல் டிவிஷன் லீக், ராஜா ஆஃப் பாளையம்பட்டி ஷீல்டுக்காக ஆடப்படுகிறது. 2019-20-ல் ஆழ்வார்பேட்டை கிரிக்கெட் கிளப்புக்காக இந்தத் தொடரில் 635 ரன் எடுத்தவர் 18 வயது சாய் சுதர்சன். குஜராத் அணி அவரை 20 லட்சம் ரூபாய்க்கு வாங்கியது 2022-ல். நடுவில் 2021 டிஎன்பிஎல்லில் கோவை அணிக்காக 358 ரன். ஆழ்வார்பேட்டைக் கணக்கைப் பார்த்தவர்களுக்கு இரண்டு வருஷம் முன்கூட்டியே க்ளூ இருந்தது.

லீக் போட்டிகளைப் பெரும்பாலும் டிக்கெட் இல்லாமலேயே பார்க்கலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போய் உட்கார்ந்தால், ஸ்கோர் கார்டு சொல்லாத விஷயங்கள் தெரியும். ஷார்ட் பந்து வந்தால் பையன் பின்னங்காலுக்குப் போகிறானா, கண்ணை மூடுகிறானா? 30 ரன்னில் இருக்கும்போது ஸ்பின்னர் வந்தால் ஒரு ரன்னுக்குத் தட்டி ஓடத் தெரிகிறதா, இல்லை மாட்டிக்கொண்டு தூக்கி அடிக்கிறானா? ஃபேன்டஸி ஆடுபவர்களில் முக்கால்வாசிப் பேர் இதைப் பார்ப்பதே இல்லை. அதனால்தான் பார்ப்பவருக்கு மதிப்பு.

பணம் போனது நல்லதா, கெட்டதா?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டத்தை நிறைவேற்றியது. பணம் கட்டி ஆடும் விளையாட்டை நடத்துபவர்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுபவர்களுக்குத் தண்டனை இல்லை. சட்டம் வந்த கையோடு ட்ரீம்11 பணப் போட்டிகளை நிறுத்தியது. இந்திய அணியின் ஜெர்ஸியிலிருந்தும் அந்தப் பெயர் மறைந்தது.

"ஃபேன்டஸி என்பது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை" என்பதுதான் இந்த நிறுவனங்களின் நீண்ட கால வாதம். 2017-ல் பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. அதில் உண்மை இல்லாமல் இல்லை. மேலே பார்த்த நான்கு கேள்விகளும் திறமைக்கான கேள்விகள்தானே?

ஆனால் ஒரு நாள் போட்டியில் அந்தத் திறமை செல்லாது. உதாரணம் 2025 ஏப்ரல் 28. 14 வயது வைபவ் சூர்யவன்ஷி குஜராத்துக்கு எதிராக 38 பந்துகளில் 101. நாடே கொண்டாடியது. மூன்று நாள் கழித்து, மே 1-ம் தேதி மும்பைக்கு எதிரான போட்டி. அவரை நம்பி கேப்டன் ஆக்கினால் இரட்டைப் புள்ளி. அவர் எடுத்த ரன்? பூஜ்ஜியம்.

சூர்யவன்ஷி பிரேக்-அவுட் வீரர் என்ற கணிப்பு சரி. ஆனால் அந்த நாள் தப்பு. 14 போட்டிகள் கொண்ட சீசனில் ஒரு டக் அவுட் கரைந்துவிடும். ஒரே ஒரு இரவுக்கு 49 ரூபாயோ 4,900 ரூபாயோ கட்டியவருக்கு அது கரையாது. வீரரைப் பற்றிய அறிவுக்குப் பலன் கிடைக்க நாள் வேண்டும். தினசரிப் பணப் போட்டி அந்த நாளைக் கொடுக்கவே இல்லை. "உங்களுக்கு கிரிக்கெட் தெரியும்" என்று சொல்லி உள்ளே இழுத்து, கிரிக்கெட் அறிவு உதவாத ஒரு களத்தில் காசைப் போட வைத்தார்கள். சம்பளம் வந்த மூன்றாம் நாளே அக்கவுண்டைப் பார்த்து முழித்த எத்தனையோ தி.நகர், ஓஎம்ஆர் ஆபீஸ் இளைஞர்களுக்கு இது விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பாதிப்பும் இருந்தது. தன் பணம் போன கோபத்தில், அவுட் ஆன 19 வயசுப் பையனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போய்த் திட்டுவது. அவன் யாரிடமும் "என்மேல காசு கட்டுங்க" என்று கேட்கவில்லை.

தடை வந்தால் ஆசை போய்விடாது என்பதும் உண்மைதான். வெளிநாட்டு பெட்டிங் தளங்கள் பக்கம் சிலர் போகும் ஆபத்து இருக்கிறது. அதை அரசு கவனிக்காவிட்டால் சட்டம் பாதிதான் பயன் தரும். ஆனால் ஃபேன்டஸி என்ற விளையாட்டு பணத்தோடு சேர்ந்து சாக வேண்டிய அவசியம் இல்லை. இங்கிலீஷ் பிரீமியர் லீக் ஃபேன்டஸி இலவசம்தான். அதை 38 வாரமும் விடாமல் ஆடுகிறவர்கள் இதே சென்னையில் இருக்கிறார்கள். ஜெயித்தால் நண்பர்கள் மத்தியில் கெத்து, தோற்றால் ஒரு பிரியாணி செலவு. அவ்வளவுதான்.

ஐபிஎல்லுக்கும் அப்படி ஒரு சீசன் முழுக்க ஓடும் லீக்கை ஆபீஸ் நண்பர்கள் பத்துப் பேர் சேர்ந்தால் ஒரு எக்ஸெல் ஷீட்டிலேயே நடத்தலாம். சீசனுக்கு முன்பே ஆளுக்கு மூன்று இளம் வீரர்களின் பெயரை எழுதி வைக்க வேண்டும், நடுவில் மாற்றக் கூடாது, காசு கிடையாது. அப்போதுதான் யாருக்கு நிஜமாகவே கிரிக்கெட் தெரியும் என்பது தெரியவரும்.

இந்த வருஷம் யார் பெயரை எழுதுவது? சிக்ஸர் வீடியோக்களை கொஞ்சம் தள்ளி வையுங்கள். எந்த அணியில், எந்த இடத்தில், யார் நொண்டிக்கொண்டிருக்கிறார் என்று பாருங்கள். அவருக்குப் பின்னால் பேடைக் கட்டிக்கொண்டு ஒரு பையன் காத்திருப்பான்.