மூணு நாள் முகாம் போதுமா?

நம்ம இயக்கத்து இளைஞர் முகாம்களைப் பற்றி ஒன்று சொல்லணும், வருத்தப்படாதீங்க. மூணு நாள் பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கற்றுக்கொடுக்கிறோம். கடைசியில் சான்றிதழ், குரூப் போட்டோ. அப்புறம் அந்தப் பையன் என்ன ஆனான்னு யார் கேட்டோம்?

முகாம் முடித்த ஒருத்தன் என் தோட்டத்துக்கு வந்தான். சிவகாசிப் பக்கம் பட்டாசு வேலை பார்த்தவன், நல்ல கை. கரிசலில் குதிரைவாலி போட்டோம். இரண்டாம் மாசமே திரும்பிப் போய்விட்டான். அங்கே சனிக்கிழமை ஆனால் கூலி கைக்கு வரும். குதிரைவாலி அறுத்தால்தான் காசு. வீட்டில் அரிசி வாங்கணுமே! பேங்கில் 31 வருசம் குப்பை கொட்டியும் இந்தக் கணக்கு எனக்குத் தோணவில்லை.

1988-ல் தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டம் தொடங்கியபோது, முதலில் எடுத்துக்கொண்ட பகுதிகளில் சிவகாசியும் ஒன்று. அந்தச் சிறப்புப் பள்ளிகளில் பாடத்தோடு மதிய உணவும் மாத உதவித்தொகையும் இருந்தது. வங்கிகளின் கிராமப்புறச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில், பயிற்சி முடிந்து இரண்டு வருசம் பின்தொடரணும் என்பது விதி. எல்லா இடத்திலும் ஒழுங்காக நடக்குதா என்பது வேறு கதை.

40 பேருக்கு மூணு நாள் நடத்துவதற்குப் பதில் 5 பேரை ஒரு போகம் முழுக்க வைத்துக்கொள்வோம். வாரக்கூலி கொடுப்போம், அதற்கு இயக்கம் நிதி திரட்டட்டும். ஆளுக்கு 25 சென்ட் விட்டு, என்ன விதைப்பதுன்னு அவங்களே முடிவு பண்ணட்டும்.

இப்போ என்னிடம் இரண்டு பேர் இருக்காங்க. ஒருத்தன் போட்ட கத்தரி முழுக்கக் காய்ப்புழு. நான் வாயைத் திறக்கவில்லை. இந்த முறை அவனே வரப்போரம் ஆமணக்கு ஊன்றியிருக்கான்.