குளிர்விக்கும் யந்திரமும் மூச்சூட்டும் பையும்

இம்மலருக்குக் கட்டுரை கேட்ட அன்பர், விழாவின் நினைவாகப் பதுளை வைத்தியசாலைக்குப் பழைய மாணவர் சார்பில் ஓர் அன்பளிப்புச் செய்தல் வேண்டும் என்றும், பிறக்கும்போது மூச்சுத் திணறிய சிசுக்களைக் குளிர்விக்கும் யந்திரம் ஒன்றை வாங்கிக் கொடுத்தால் என்ன என்றும் எழுதியிருந்தார். அவருடைய உள்ளம் பெரிது. ஆயினும், ஊவாத் தோட்டங்களிற் பல்லாண்டு வைத்தியம் பார்த்த யான் அதற்கு உடன்படேன்.

பிரசவ வேளையிற் பிராணவாயு குன்றினால், சிசுவின் உடல் வறுமைப்பட்ட குடும்பத்தலைவியைப் போலச் சிக்கனம் செய்யும். உள்ள இரத்தத்தை மூளைக்கும் இருதயத்துக்கும் திருப்பிவிட்டுச் சிறுநீரகம், ஈரல், குடல் ஆகியவற்றைப் பட்டினி போடும். திணறல் நீடிப்பின் மூளையும் தப்பாது. எனினும் மூளையின் கேடு ஒரே முறையில் முற்றுவதன்று. சில மணித்தியாலம் ஓய்ந்திருந்து மீண்டும் தாக்கும். அவ்விடைவேளையில், பிறந்து 6 மணித்தியாலத்துள், உடல் வெப்பத்தை ஏறத்தாழ 33.5 பாகை செல்சியசுக்கு இறக்கி 72 மணித்தியாலம் அங்ஙனமே காத்தால் கேடு மட்டுப்படும். 2005 முதல் மேலைநாட்டு ஆய்வுகள் இதனை நிலைநாட்டியுள்ளன.

நம் பக்கத்துக் கதை வேறு. 2015 முதல் 2019 வரை இந்தியா, இலங்கை, வங்காளதேசம் ஆகிய நாடுகளிலுள்ள 7 பெரிய வைத்தியசாலைகளில் 408 சிசுக்களிடத்து 'ஹீலிக்ஸ்' என்னும் ஆய்வு நடைபெற்றது. அதன் முடிவு 2021 இல் வெளிவந்தது. குளிர்விக்கப்பட்ட சிசுக்களுள் நூற்றுக்கு 42 இறந்தன. வழமையான பராமரிப்பில் இருந்தவற்றுள் இறந்தவை நூற்றுக்கு 31. இறப்பையும் ஊனத்தையும் சேர்த்து நோக்கினும் குளிர்ச்சியால் நன்மை காணப்படவில்லை. குளிர் இருதயத் துடிப்பைத் தளர்த்தும். இரத்தம் உறைவதைத் தாமதிக்கும். முன்னரே நலிந்த உறுப்புக்களுக்கு அது மேலும் ஒரு சுமை.

இம்முடிவை ஏற்காதாரும் உளர். அச்சிசுக்களுட் பலவற்றுக்கு மூளைக் கேடு முன்னரே முற்றிவிட்டது, பிந்திச் செய்த வைத்தியத்தைக் குறைகூறுதல் முறையன்று என்பர். அவர் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் அது மெய்யாயின் என் கட்சியே வலுக்கின்றது. கேடு முந்திக்கொள்ளும் இடத்தில் உதவியும் முந்த வேண்டாமா?

மடூல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றில் நள்ளிரவில் நோவெடுக்கும் ஒரு தாயை எண்ணிப் பாருங்கள். 1990 அம்புலன்ஸ் இன்று அழைத்தால் வரும். ஆனால் லயத்திலிருந்து பெருந்தெரு வரையுள்ள மேடுபள்ளத்தை யார் கடத்துவது? அதன் பின்னர் பசறை வழியாகப் பதுளை வரை வளைவுகள். தாய்க்கோ பெரும்பாலும் இரத்தசோகை. வழியிற் பிறந்த பிள்ளை அழாவிடின், முதல் ஒரு நிமிடத்துள் முகமூடி வைத்துப் பையை அழுத்தி மூச்சூட்டத் தெரிந்த கை வேண்டும். யந்திரத்தோடு ஒப்பிட்டால் அப்பையின் விலை அற்பம்.

இன்னொன்று. குளிர் நல்லதாம் என்ற அரைகுறைச் செய்தி லயங்களை எட்டுமாயின் பேராபத்து. மலைக்காற்றிற் கிடந்து விறைப்பது சிகிச்சையன்று; அது கொல்லும். பிறந்த பிள்ளையைத் துடைத்துத் தாயின் மார்போடு அணைத்துப் போர்த்தல் வேண்டும். காய்ச்சல் வரவிடுவதும் ஆகாது. திணறிய மூளைக்குச் சூடும் பகை.

ஆதலின் என் யோசனை இது. தோட்டத்து மருத்துவிச்சிகளுக்கும் தாதியருக்கும், பொம்மையை வைத்து ஆண்டுதோறும் மூச்சூட்டும் பயிற்சி நடத்துவோம். வேண்டிய பைகளையும் முகமூடிகளையும் வழங்குவோம். பிழைத்த பிள்ளையின் சிறுநீர் அளவையும் இரத்தச் சருக்கரையையும் அந்த முதல் நாட்களில் வைத்தியசாலை கவனித்துக்கொள்ளும். வீடு திரும்பிய பின்னர் வளர்ச்சியைக் காட்ட மீண்டும் வர வேண்டுமே, அதற்கு ஒரு நாட் கொழுந்துச் சம்பளத்தை இழக்கும் தாய்க்குப் பஸ் கட்டணமும் அந்நாட் கூலியும் கொடுப்போம். பொருளாளர் இதனை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலிற் சேர்ப்பாராயின், செலவுக் கணக்கை யானே எழுதிக் கொண்டுவருவேன்.